கையா, பெல்லட்டா

"ஓ.டி.பி. சொல்லுங்க மேடம்" என்று கேட்டுவிட்டுத்தான் கூரியர்காரர் தலையை நிமிர்த்தினார். ஷாமியானா, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், கேட்டில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர். அதிலிருந்த பெயரையும் பார்சலில் இருந்த பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். நரைத்த தாடிக்காரர். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சாரி மேடம். ரிட்டர்ன் போட்டுடட்டா?"

"வேணாம். இருங்க."

கிறிஸ்டினா உள்ளே போனாள். அப்பாவின் போன் ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்து ஸ்டூலில் பைபிள் மேல் கிடந்தது. நேற்றுக் காலையிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. பூட்டிய திரையிலேயே நான்கு எண்கள் தெரிந்தன. பெட்டிக்குள் அப்பாதுரை வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கையுறையோடு கண்ணை மூடியிருந்தார். செத்தவருக்கு வந்த எண்ணை வாசலில் போய் ஒப்பித்துவிட்டு, உள்ளங்கை அளவு பார்சலை வாங்கிக்கொண்டாள். அளவுக்கு மீறிய கனம். பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. பெல்லட். அப்பாவின் துப்பாக்கியில் போடும் ஈயக் குண்டு. ஐந்தாவது டப்பா.

மூன்று மாதத்துக்கு முன்பு அப்பா அந்தத் துப்பாக்கியை வாங்கினார். லைசென்ஸ் கேட்காத ஏர் ரைஃபிள்தான். ஆனால் பார்க்க வேட்டைத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். விசைக்குக் கீழே ஒரு வளையம். அதை இறக்கி ஏற்றினால் 'கடக்' என்று பூட்டிக்கொள்ளும். பதினெட்டு வயதில் கௌபாய் படங்களில் பார்த்ததிலிருந்தே இருந்த ஆசை. கை நடுக்கம் வந்த பிறகுதான் வாங்கினார். டம்ளரில் பாதிதான் காப்பி ஊற்ற வேண்டும் என்ற நிலைமை அப்போது.

"வாங்குறதுதான் வாங்குனீங்க, ஒரு இருவது வருஷம் முன்னாடி வாங்கியிருக்கக் கூடாதா?" என்றாள் அம்மா ரோஸி. "இப்ப இன்னாத்த சுடப் போறீங்க, அப்பளமா?"

"அப்பளத்த நீ சுடு. நான் இத சுட்டுக்கறேன்."

மொட்டை மாடியில் தண்ணித் தொட்டிச் சுவரை ஒட்டி, பழைய பேப்பர் அடைத்த அட்டைப்பெட்டி. அதில் ஒட்டிய வெள்ளைத்தாளில் ஒரு கறுப்புப் புள்ளி. பத்து மீட்டர் தள்ளி, மணல் நிரப்பிய அரிசிப் பையின் மேல் துப்பாக்கியைக் கிடத்திவிட்டு அப்பா உட்காருவார். ஐந்து குண்டு. அப்புறம் தாளை எடுத்துக்கொண்டு வந்து ஸ்கேல் வைத்து அளப்பார். முப்பத்தெட்டு வருஷம் பம்மலில் லேத் ஓட்டியவர். தலைமுடியில் பாதி கூடினாலும் குறைந்தாலும் சாமானைத் தூக்கிப் போட்டவர். வீட்டிலும் அப்படித்தான். 'சூடா இருக்கு' என்று சொன்னால் 'எவ்ளோ சூடு' என்று கேட்பார். 'கிட்டத்தட்ட' என்று சொல்பவர்களைக் கண்டால் ஆகாது.

தாளில் ஓட்டைகள் ஓர் இட்லி அகலத்துக்குச் சிதறிக் கிடக்கும். தட்டை மூக்கு பெல்லட் போட்டுப் பார்த்தார். கூர்மூக்கு போட்டுப் பார்த்தார். உருண்டை மூக்கு, நடுவில் குழி விழுந்தது, ஒவ்வொரு டப்பாவாக வந்தது. இட்லி இட்லியாகவே இருந்தது. துப்பாக்கியை வேறு யாரும் தொடக் கூடாது. எதிர்வீட்டு அரிகிருஷ்ணன், ஏர் ஃபோர்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், அவர் கேட்டதற்கே, "உன் பென்சன்ல ஒண்ணு வாங்கிக்கோ மச்சான்" என்று சொல்லிவிட்டார்.

முந்தாநாள் சாயங்காலம் நான்காவது டப்பாவையும் போட்டுப் பார்த்த பிறகு, தாளை மடியில் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"கிறிஸ்டி, அளந்து சொல்லு. என் கை ஆடுதா, இல்ல பெல்லட்டு சரியில்லியா?"

மடியில் தாள் படபடத்துக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

"பெல்லட்தாம்பா" என்றாள்.

"நெஜமா?"

"நெஜமாப்பா. உங்க கை மேல ஒண்ணுமில்ல."

 "அப்ப சரி" என்றார். போனை எடுத்து அவரே ஆர்டர் போட்டார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அரை டம்ளர் காப்பியில் பாதி குடித்துவிட்டு, போய்விட்டார்.

இனி படுக்கைதான், அப்புறம் மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எதுவும் நேரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் நல்ல சாவு என்றார்கள். கிறிஸ்டினாவுக்கும் அப்படித்தான் இருந்தது. வெட்கப்படும் அளவுக்கு மனசு லேசாக இருந்தது. பெல்லட்தான் என்று சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் உறுத்தியது. வாழ்நாளெல்லாம் சரியான அளவைக் கேட்ட மனுஷனைத் தப்பான அளவோடு அனுப்பி வைக்கிறாள்.

மூன்று மணிக்கு சவப்பெட்டியை மூடப்போனார்கள். பாஸ்டர் ஜெபத்தை முடித்தார். "கடைசியா பாக்கறவங்க பாத்துக்கங்க." கிறிஸ்டினா குனிந்து, அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"கைதாம்பா. நான் பொய் சொல்லிட்டேன்."

முத்தம் கொடுக்கிறாள் என்று நினைத்து யாரோ அவள் முதுகைத் தடவினார்கள். திருகுகளை முடுக்கினார்கள். நான்காவது கோணலாக இறங்கியது. அப்பா பார்த்திருந்தால் கழற்றி மறுபடி போடச் சொல்லியிருப்பார்.

மறுநாள் காலை அரிகிருஷ்ணன் இரண்டு அடுக்கு கேரியரில் இட்லி கொண்டுவந்தார். மேஜை மேல் கிடந்த பார்சலைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது? நம்மாளு மேல போயும் ஆர்டர் போட்டுகினு கீறானா?"

"முன்னாடியே போட்டது, அங்கிள்."

"அண்ணே, அந்த சனியன நீங்களே எடுத்துக்கினு போங்க" என்றாள் ரோஸி. சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தா பேஜாரா கீது எனக்கு."

"எடுத்துக்கினு போறேன் தங்கச்சி. போறதுக்கு முன்னாடி, அவன் கைய கிட்டக்கூட விடாத அந்த வஸ்துவ ஒரு தபா தொட்டுப் பாத்துடறேன்."

கிறிஸ்டினா அவரோடு மாடிக்குப் போனாள். மணல் பையில் அப்பாவின் முழங்கை பதிந்த பள்ளம் இன்னும் இருந்தது. அரிகிருஷ்ணன் பழைய டப்பாவில் மிச்சமிருந்த கூர்மூக்கை எடுத்தார். கடக். ஐந்து குண்டு. போய்ப் பார்த்தார்கள்.

இட்லி அகலம்.

அவள் தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "அங்கிள், உங்க கையும் ஆடுதா?"

"என் கையா?" அவர் கையை நீட்டிக் காட்டினார். கல் மாதிரி நின்றது. "ஸ்குவாட்ரன்ல கப்பு வாங்கின கைம்மா இது. வேற தாள் போடு."

இன்னொரு பழைய டப்பாவிலும் கொஞ்சம் இருந்தது. அதையும் போட்டார். அதிலும் ஒன்று மூலைக்குப் போயிருந்தது. அரிகிருஷ்ணன் தலையைச் சொறிந்தார். "அந்தப் புதுச கொண்டா."

கிறிஸ்டினா கீழே போய்ப் பார்சலை எடுத்துவந்து பிரித்தாள். இந்த பெல்லட் மற்றதைவிட நீளம், கனம். கடக். கடக்.  ஐந்தாவதைச் சுட்டதும் எழுந்து நடந்தார். தாளைக் கிழித்தெடுத்தார். அப்படியே நின்றார்.

"இன்னா அங்கிள்?"

"அஞ்சும் ஒரே ஓட்டைம்மா."

சட்டைப் பொத்தான் அளவு. அவ்வளவுதான்.

"சில துப்பாக்கிக்கு லேசான குண்டு ஒத்துக்காது. இதுக்கு வெயிட்டு வேணும். மணல் மூட்டை மேல வெச்சு சுடறான், அப்புறம் கை ஆடுனா இன்னா, ஆடாட்டி இன்னா? சரியாத்தான்டா கண்டுபுடிச்சிருக்க, மச்சான்." கடைசி வார்த்தையை வானத்தைப் பார்த்துச் சொன்னார். குரல் உடைந்தது. இருமி மறைத்துக்கொண்டார்.

கிறிஸ்டினா தொட்டிப் படியில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்புதான் வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. சத்தம் கேட்டு ரோஸி மூச்சிரைக்க மேலே ஏறி வந்தாள்.

"இன்னாடி, சிரிக்கிறியா அழுவுறியா?"

"பெல்லட்தாம்மா" என்றாள் கிறிஸ்டினா. "பெல்லட்தான்."

"அதத்தானே அந்த மனுஷன் மூணு மாசமா சொல்லிக்கினு இருந்தாரு" என்றாள் ரோஸி. மகளுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இட்லி ஆறுது, வாங்க."

அன்று கிறிஸ்டினா ஆறு இட்லி சாப்பிட்டாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஜெபத்துக்குக் கல்லறைக்குப் போனார்கள். மண் இன்னும் ஈரமாக இருந்தது. மாலைகள் வாடிக் கிடந்தன. ஜெபம் முடிந்து அம்மாவும் அரிகிருஷ்ணனும் ஆட்டோ பிடிக்கப் போனார்கள். கிறிஸ்டினா கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீவினாள். குனிந்து, மண்ணுக்குப் பக்கத்தில் ஏதோ சொன்னாள். ஒரு மெழுகுவத்தியைத் தாளின் ஓட்டைக்குள் நுழைத்தாள். பிசகில்லாமல் பொருந்தியது. மண்ணில் ஊன்றிப் பற்றவைத்தாள்.

ரயில்வே லைன் பக்கமிருந்து காற்று அடித்தது. சுடர் ஆடியது. மெழுகுவத்தி ஆடவில்லை.