ஒரு படத்துக்கு ஒரு கார்டு

வீட்டில் பெண்கள் இறந்துபோன தாயின் மையத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மூத்த மகன் பெரம்பலூர்க் கடையில் நின்று மெமரி கார்டு பார்த்துக்கொண்டிருந்தான் என்று லப்பைக்குடிக்காட்டில் யாராவது சொன்னால், அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அன்சார் அங்கேதான் நின்றான். உள்ளங்கையில் நகத்தளவு நீலத்துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"எத்தன போட்டோ எடுப்பீங்க பாய்?" என்று கேட்டான் கடைக்காரன் தமிழரசன்.

"ஒண்ணு."

தமிழரசன் நிமிர்ந்து பார்த்தான். கல்யாண வீட்டுக்காரர்களும் சிங்கப்பூர் போகிறவர்களும் வந்து, இருப்பதிலேயே பெரிதாகக் கொடு என்று கேட்கிற கடை அது.

"ஒண்ணுக்கு எதுக்கு பாய் புதுக் கார்டு? கேமராவுல உள்ளது ரொம்பிருச்சுன்னா இங்க கொண்டாங்க. நம்ம கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு காலி பண்ணித் தரேன். வெளிநாட்டுக்கு மெயில் போடணும்னாலும் அஞ்சு நிமிஷத்துல போட்டுடலாம்."

அந்த அஞ்சு நிமிஷ வேலை வேண்டாம் என்றுதான் அன்சார் இத்தனை தூரம் வந்திருந்தான். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"அம்மா மவுத்தாயிட்டாங்க தம்பி," என்றான்.

தமிழரசன் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

காலையில் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்த கையோடு பாத்திமா பீவியின் மூச்சு நின்றது. அழுவதற்குள் சவூதி தம்மாமிலிருந்து போன் வந்துவிட்டது. தம்பி ஜாவித்துக்கு யார் சொன்னார்களோ, அந்த ஊர்ச் சேதி கடல் தாண்டுகிற வேகம் அப்படி. இளையவன். கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு லீவு தராமல் இழுக்கிறது. போய் அஞ்சு வருஷமாகிறது. போன பிறகு பிறந்த பிள்ளையைக்கூடப் படத்தில்தான் பார்த்திருக்கிறான்.

"அம்மா மொகத்த ஒரே ஒரு படம் எடுத்து அனுப்புண்ணே," என்றான். "எனக்கு மொகமே மறந்துபோச்சு. குரலு ஞாபகம் இருக்கு. மொகம் வரமாட்டேங்குது."

மறக்காமல் என்ன செய்யும்? பாத்திமா பீவிக்கு உலகத்தில் ஒரு படம் கிடையாது. ஓட்டு அட்டைக்குப் படம் பிடிக்க வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிய மனுஷி அவள். அத்தா உயிரோடிருக்கையில் ஹஜ்ஜுக்குக் கூப்பிட்டபோது, பாஸ்போர்ட்டுக்கு முகத்தைக் காட்ட வேண்டும் என்றதும், நீங்க போயிட்டு வாங்க, எனக்கும் சேத்து துஆ கேளுங்க என்று சொல்லிவிட்டாள். கட்டிய புருஷன், பெற்ற பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் தவிர வேற்று ஆண் ஒருத்தன் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. பிடிவாதம் என்றால் அப்படிப்பட்ட பிடிவாதம். அவளை யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை, மாற்றவும் முடியவில்லை.

"எடுக்கலாம்," என்றான் அன்சார். "ஆனா பிரவுசிங் சென்டர்ல குடுக்கமாட்டேன். அம்மா மொகத்த எவன்கிட்டடா குடுக்கச் சொல்ற? அவன் டிவி பொட்டி அளவுக்கு தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பான்."

"இனிமே அம்மாவுக்கு என்னண்ணே தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கத்தல். நீங்களெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், உங்களுக்கு எங்கே தெரியும் என்றான். ஒரு படத்துக்கு இத்தனை சட்டமா என்றான். கடைசியில் வழி சொன்னவள் இஃப்பத், ஜாவித்தின் மனைவி. கேமரா அவளுடையது, அவன் கொடுத்துவிட்டது. அவள் கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள்.

"மச்சான், எதுத்த தெரு ஹுமாயூன் அண்ணன் இன்னைக்கு ராத்திரி தம்மாம் பொறப்படுறாங்க. கார்டையே அவங்ககிட்ட குடுத்து விட்டுடலாம். ஒங்க தம்பிகிட்டயும் இதே கேமராதான் இருக்கு. ஆனா இந்தக் கார்ட குடுக்க முடியாது. இதுல நான் முக்காடு இல்லாம இருக்குற படமெல்லாம் கெடக்கு."

ஆகவே புதுக் கார்டு. குளிப்பாட்டுகிற இடத்தில் ஆண்பிள்ளைக்கு வேலையில்லை. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகுதான் அடக்கம். அன்சார் குன்னம் வழியாக வண்டியை விரட்டிக்கொண்டு வந்துவிட்டான். மவுத்து வீட்டிலிருந்து எங்கே போகிறான் இவன் என்று தெருவே பார்த்தது.

தமிழரசன் கண்ணாடி மேல் மூன்றை வரிசையாக வைத்தான். "இது ஒரு ஜிபி, ஆயிரம் படம் புடிக்கும். இது ஐநூத்திப் பன்னெண்டு. இது நூத்தி இருவத்தெட்டு, இப்ப யாரும் வாங்குறதில்ல."

"ஒரு படம் மட்டும் புடிக்கிற மாதிரி இருக்கா?"

"அப்படி வர்றதில்ல பாய்."

அன்சார் சின்னதையே எடுத்தான். பெரிதை வாங்கினால் மிச்ச இடத்தில் ஜாவித் ஒட்டகத்தையும் கட்டடத்தையும் பிடித்துப் போடுவான். அம்மா அவற்றோடு கலந்து கிடப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. இதையெல்லாம் யோசிக்கிற நேரமா என்றால், அந்த நேரத்தில் அதுதான் அவனுக்கு யோசிக்க முடிந்தது. தமிழரசன் கார்டைத் தன் கேமராவில் செருகி, வேலை செய்கிறதா பார்க்க ரோட்டுப் பக்கம் திருப்பினான்.

"வேணாம் தம்பி. அதுல வேற எதுவும் விழ வேணாம்."

தமிழரசன் கேமராவைத் தாழ்த்தி, கார்டை வெளியே எடுத்து, துணியில் ஒரு தரம் துடைத்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்தபோது கஃபன் துணி சுற்றி முடிந்து, முகம் மட்டும் திறந்திருந்தது. உள்ளறை முழுக்கப் பெண்கள். ஊதுபத்தியும் கற்பூரமும் அத்தரும் வாசல்வரை மணத்தன. அன்சார் கதவுச் சந்து வழியாகக் கார்டை நீட்டினான். இஃப்பத்தின் கை வந்து வாங்கிக்கொண்டது.

"மையத்தப் போயி படம் புடிக்கிறாளே, இதென்ன புதுசா இருக்கு," என்று ஒரு கிழவி சொல்வது கேட்டது.

"பெத்த புள்ள பாக்கணும்ங்குறாரு பெரியம்மா," என்றாள் இஃப்பத்.

ஒரு வெளிச்சம் கதவிடுக்கில் வெட்டி மறைந்தது. கார்டு திரும்பி வந்தது. வாசலில் ஹுமாயூன் நின்றுகொண்டிருந்தான். மையத்துக்கான ஜனாஸா தொழுதுவிட்டு அப்படியே திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப வேண்டும், கார் வந்துவிட்டது.

"பத்திரமா கொண்டுபோயி குடுத்துடுறேன் அன்சாரு. சட்டப் பையிலேயே வச்சுக்கிறேன்."

அப்படியே கொடுத்துவிடலாம்தான். அன்சாருக்கு மனசு ஒப்பவில்லை. அம்மாவின் மாத்திரை டப்பா ஒன்றைக் கண்டுபிடித்து, பஞ்சு வைத்து, கார்டை அதில் படுக்கவைத்தான். மேலே டேப் ஒட்ட வேண்டும். டேப்பின் முனை அகப்படவில்லை. நகத்தால் சுரண்டினான். வந்த நுனி நாராகக் கிழிந்தது. மறுபடி சுரண்டினான். உள்ளேயிருந்து, மொகம் பாக்குறவங்க பாத்துக்கங்க என்று யாரோ கூப்பிட்டார்கள். தாய்மாமன்மார் எழுந்து போனார்கள். இதோ வரேன் என்று அன்சாரும் சொன்னான். டப்பாவை நாலு சுற்றுச் சுற்றி, ஹுமாயூனின் கையில் வைத்து, அவன் அதைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிய பிறகுதான் திரும்பினான்.

மையத்து வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். முகத்தை மூடி, மேலே பச்சைப் போர்வை விரித்தாகிவிட்டது. முன்காலுக்கு மூத்த மகன் வரட்டும் என்று வழிவிட்டார்கள். அன்சார் தோள் கொடுத்தான்.

காலையில் பார்த்தானே என்றால், தாடைக்கட்டு கட்டுகிற அவசரத்தில், ஒரு காதில் ஜாவித்தை வைத்துக்கொண்டு பார்த்தது எல்லாம் பார்த்ததில் சேர்த்தியா. கபர்க்குழிக்குள் இறங்கி, மையத்தைக் கையில் வாங்கி, கஃபன் முடிச்சை அவிழ்த்ததும் அவன்தான். பெண் மையத்துக்கு அங்கே முகத்துணியை விலக்குகிற வழக்கமில்லை. சுற்றிலும் போர்வையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். துணியின் மேல் கையை வைத்தான். மேலேயிருந்து பலகையை இறக்கினார்கள்.

மறுநாள் சாயங்காலம் ஜாவித் கூப்பிட்டான். இஃப்பத் கதவோரம் வந்து உட்கார்ந்தாள்.

"வந்துருச்சுண்ணே."

"பாத்தியா?"

"எல்லாரும் டூட்டிக்குப் போற வரைக்கும் தொடவே இல்ல. அப்பறம் கதவ சாத்திக்கிட்டு பாத்தேன்." மூக்கை உறிஞ்சினான். "மூக்குத்தி இல்லாம வேற ஆளு மாதிரி இருக்காங்க. ஆனா மொகம் வந்துருச்சுண்ணே. கண்ண மூடுனா இப்ப வருது."

"நல்லது."

"அழிச்சுட்டேன்."

அன்சார் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஆறு பேரு ஒரே ரூம்ல கெடக்குறோம். எவனாவது எடுத்து நோண்டுவான். பிரவுசிங் சென்டர்ல குடுக்கமாட்டேன்னப்ப ஒன்ன கண்டபடி பேசிட்டேன். மொகத்தப் பாத்ததும் எனக்கே தாங்கல. வேற ஒருத்தன் கண்ணு இது மேல பட்டுறக்கூடாதுன்னு தோணிப்போச்சு. நீதான் நேர்ல பாத்துட்டியே, அதான் கேக்காமலே அழிச்சுட்டேன்."

"சரி."

"நேர்ல எப்படிண்ணே இருந்தாங்க?"

அன்சார் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"நீ பாத்த மாதிரிதான்," என்றான்.

உள்ளே பிள்ளை சிணுங்கியது. இஃப்பத் எழுந்து போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் எட்டிப் பார்த்தபோதும் அன்சார் போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். ஜாவித் எப்போதோ வைத்துவிட்டிருந்தான்.