தாயில்லாமல் பிறந்த இரட்டைகள்

துடைக்கறதுக்காகப் படிகத்தைக் கழற்றி டப்பால வெச்சவ, திரும்ப மாட்ட மறந்துட்டேன். அது தெரியாம இந்த மகாராணி காலை முழுக்க அளவெடுத்திருக்கேன்!

எங்க ஆய்வகத்துல வேலையே அந்தப் படிகத்தை நம்பித்தான். அதுக்குள்ள லேசரை அனுப்பினா, அபூர்வமா ஒரு ஒளித்துகள் ரெண்டா உடையும். ஆளுக்கு ஒண்ணா ரெண்டு டிடெக்டர் அதைப் பிடிக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல துடிச்சா, இரட்டை பிறந்துச்சுன்னு கணக்கு. எங்க அளவுக்கு உலகத்துலயே யாருக்கும் இரட்டை பிறக்கலைன்னு என் ஆராய்ச்சி கைடுக்குத் தலைகால் புரியாத பெருமை.

இப்ப தாய் டப்பாக்குள்ள தூங்குது, பிள்ளைங்க பாட்டுக்குப் பிறந்துக்கிட்டே இருக்கு.

நோண்டிப் பார்த்தேன். எந்த ஒளி பட்டாலும் டிடெக்டரே லேசா மின்னுது. அந்த மினுக்கு நடுவுல இருக்கற கண்ணாடியில பட்டுத் திரும்பி அடுத்த டிடெக்டருக்குப் போகுது. நாங்க எண்ணினது பாதிக்குமேல இந்தப் போலி இரட்டைங்களைத்தான்.

கைடுகிட்ட ஓடினேன். மறுநாள் எனக்கு பிஎச்.டி. வைவா. "வாயத் திறந்தே, பட்டத்தை மறந்துடு"ன்னுட்டார்.

பட்டம் இல்லேன்னா வேலை இல்ல. எனக்கு வேலை கிடைச்சிருக்கற ஊர்லதான் என் வீட்டுக்காரரும் ரெண்டு வயசுப் பொண்ணும் இருக்காங்க. அவளுக்கு அம்மான்னா போன்ல பேசற ஒருத்தி. அதுக்காக இந்தப் பொய்யைக் கட்டிக்கிட்டு அழவா? போங்கய்யா!

வைவால கடைசிப் படமா, படிகம் இல்லாம எடுத்த அளவைப் போட்டு எல்லாத்தையும் கொட்டிட்டேன். கைடு என்னை முறைச்ச முறைப்புல லேசரே தோத்துடும். வெளியூர்லேர்ந்து வந்த தேர்வாளர் முகம் வெளுத்துப்போச்சு. அவங்க ஆய்வகத்துலயும் இதே ஏற்பாடு, இதே டிடெக்டர்.

"படிகம் இல்லாம நீங்க அளந்து பார்த்தீங்களா சார்?"னு அவரைக் கேட்டேன்.

"அடுப்புல பாத்திரமே வெக்காம சோறு வெந்துச்சான்னு யாராவது பாப்பாங்களாம்மா?"

எழுந்து வெளிய போய் அவர் மாணவனுக்குப் போன் போட்டார். "படிகத்தைக் கழற்றிட்டு ஓட்டு. கேள்வி கேக்காம ஓட்டுடா!"ன்னு கத்தினது உள்ள வரைக்கும் கேட்டுச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு வந்து பொத்துன்னு உட்கார்ந்தார்.

"எங்களுக்கும் பிறக்குது. நாங்க வெளியிட்ட கட்டுரையைத் திரும்ப வாங்கணும். நீங்க பாஸ். இந்தப் படத்தை முதல் அத்தியாயத்துல போடுங்க."

அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. துடைச்சுக்கறதுக்குள்ள கைடு எழுந்துட்டார். முறைப்பு போன இடம் தெரியலை.

"நான்தான் சார் இவகிட்ட சொன்னேன், படிகத்தைக் கழற்றிட்டுப் பாரும்மான்னு. முதல்ல மாட்டேன்னா!"

தேர்வாளர் அவர் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்க சார் மாதிரி நேர்மையான கைடு கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்மா"ன்னார்.

என் பட்டத்துக்குக் கைடு கையெழுத்து இன்னும் போடலை. ஆமா சார்னேன்.