நாற்பதாம் வரி

தனுஷ்கோடிக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். ப்ளோ ரூம். ராஜபாளையத்து மில்லில் பஞ்சை உதறிப் பிரிக்கிற அந்த ஷெட்டில் ஆறு வருஷம் நின்றதில் அவனுக்கு இளைப்பு வந்துவிட்டது. மானேஜர் பாஷ்யம்தான் இரக்கப்பட்டு ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். வைத்ததோடு விட்டாரா?

"இதுல என்னமோ பாட்டெல்லாம் போடறயாமே. ஆயுத பூஜையன்னிக்கு எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டு. உருப்படியா இருந்தா இங்கயே இரு. இல்லேன்னா பழைய இடம்தான்" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிற மனுஷர். சொன்னால் சொன்னதுதான்.

அது கேசட்டில் பதிந்து வைத்த பாட்டு இல்லை. ஓட ஓட டைப் அடித்து மாற்றுகிற பாட்டு. பதினாறு தட்டு ஒரு சுற்று. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு வரியும் ஒரு சத்தம். நாற்பதாம் வரியில் தம் தம்மென்று அடி, ஐம்பதில் சலங்கை மாதிரி ஒன்று, அறுபதில் ராகம். வரியை மாற்றி ரிட்டர்ன் பொத்தானை அமுக்கினால் அடுத்த சுற்றில் புதுச் சத்தம் வந்து சேரும். கமா ஒன்று விட்டுப்போனால் மொத்தமும் நின்றுவிடும். அதனால் தனக்கென்று சட்டம் வைத்திருந்தான். ஒரு நேரத்தில் ஒரு வரிதான். அடித்ததை வாசிக்காமல் ரிட்டர்னைத் தொடக் கூடாது. நாற்பதாம் வரியில் கையே வைக்கக் கூடாது.

எண்பத்தொன்பதாம் வருஷத்து ஆயுத பூஜை. மெஷின்களெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு சும்மா நின்றன. முற்றத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, தனுஷ்கோடி அடியைத் தொடங்கினான். சலங்கையைச் சேர்த்தான். ராகத்தைச் சேர்த்தான். முன்வரிசையில் அழகுத்தாய் தலையாட்டினாள். போன தை மாசம் ஸ்பின்னிங் மெஷினில் இரண்டு விரலைக் கொடுத்தவள் அவள்.

பாஷ்யம் குனிந்து, "இன்னும் கொஞ்சம் வேகமா வராதோ?" என்றார்.

வேகத்தைக் கூட்ட அடி இருக்கிற நாற்பதாம் வரியில்தான் கை வைக்க வேண்டும். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை பாவிக்கு. வியர்த்த விரலால் அடித்தான், வாசிக்காமலே ரிட்டர்னை அமுக்கினான். கம்ப்யூட்டரோடு மாட்டியிருந்த டிவித் திரையில் 'மிஸ்டேக்' என்று ஒரே ஒரு சொல் வந்தது. சத்தம் நின்றது.

மில்லில் இரைச்சல் இருக்கிறவரை பயமில்லை. ஓடுகிற மெஷின் திடீரென்று நின்றால், யாரோ கையைக் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். கேட்டவர்கள் ஓட வேண்டும். அன்றைக்கு எந்த மெஷினும் ஓடவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். காலுக்குத் தெரிய வேண்டுமே. நாற்காலிகள் சரிந்தன. அழகுத்தாய் கையை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். எல்லோருக்கும் முன்னால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசி ஷெட்டுக்கு ஓடினார் பாஷ்யம்.

தனுஷ்கோடி தப்பு எங்கே என்று தேடவில்லை. பழைய நாற்பதாம் வரியை மனப்பாடமாக, கமா கமாவாக அடித்தான். இந்தத் தடவை வாசித்தான். தம்.

ஓடின கால்கள் நின்றன.

"ஏலே, இனிமே நிப்பாட்டுறதா இருந்தா சொல்லிட்டு நிப்பாட்டு" என்றாள் அழகுத்தாய். அவளுக்கு உதடு வெளுத்திருந்தது.

எப்படியும் ஒரு பாட்டு முடிந்துதானே ஆக வேண்டும். "இப்ப கொறைக்கப் போறேன், யாரும் பயப்படாதீக" என்று மைக்கில் சொன்னான். சுற்றுக்கு ஒரு படியாகச் சத்தத்தைப் பதினைந்திலிருந்து இறக்கினான். பத்து. ஐந்து. ஒன்று. கடைசித் தட்டு போனது யாருக்கும் தெரியவில்லை. பிறகு கைதட்டினார்கள் பாருங்கள், முற்றமே அதிர்ந்தது.

பாஷ்யம் அப்போதுதான் திரும்பி வந்தார். சட்டை நனைந்திருந்தது.

"யாருக்குடா கை?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல சார். பாட்டுதான் நின்னுச்சு."

"பொறவு போட்டது எம்புட்டு நல்லா இருந்துச்சு, கேக்கலையா சார்?" என்றாள் அழகுத்தாய்.

"எதைக் கேக்கறது? ஒவ்வொரு மெஷினுக்கு அடியிலயும் குனிஞ்சு பார்த்துண்டிருந்தேன். என் நெஞ்சு அடிச்சிண்டதுதான் கேட்டுது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது நின்னது மட்டும்தான்டா என் காதுல இருக்கு. வேண்டாம். நாளைக்குப் பழைய இடத்துக்கே போயிடு."

கோபப்படத்தான் நினைத்தான் தனுஷ்கோடி. ஓடினவர் மேல் எப்படிக் கோபப்படுவது? ஒயரைச் சுருட்டினான். பாஷ்யத்தின் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே அவனுக்கு இருமல் வந்துவிட்டது.