டிரையர் அடித்த காசு

என் தம்பி என்னை ஏமாற்றியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். கூடப்பிறந்தவனிடம் ஏமாறாமல் வேறு யாரிடம் ஏமாறுவது? அவன் என்னை வைத்து ஊரை ஏமாற்றினான். அதை எப்படி விடுவது?

நான் ஒரு பெரிய லாண்டரியில் துணி உலர்த்தும் டிரையர் ஓட்டுகிறவள். ஓட்டல் படுக்கை விரிப்பு, ஆஸ்பத்திரிச் சீருடை, ஆலைத் தொழிலாளிகளின் கால்சட்டை என்று எல்லாம் எங்களிடம்தான் வரும். எத்தனை முறை சொன்னாலும் ஜனங்கள் பாக்கெட்டில் காசை விட்டுவிட்டே துணியைப் போடுவார்கள். அந்தக் காசு டிரையரின் பெரிய உருளைக்குள் விழும். சிலது உருளைக்கும் அதன் உள்விளிம்புக்கும் நடுவில் இருக்கும் சந்தில் போய் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் மாட்டினதுதான், உருளை சுற்றச் சுற்ற அதுவும் மாதக்கணக்கில் உருண்டுகொண்டே கிடக்கும். சுத்தம் செய்கிற அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுப்பேன். பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பி, கருகருவென்று பார்க்கவே சகிக்காது. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்து, தம்பி வீட்டுப் பக்கம் போகும்போது கொடுத்துவிடுவேன்.

"பழைய காசு வாங்கி விக்கிறியே, இதையும் எடுத்துக்கோ. ஒண்ணுக்கும் ஆகலைன்னா இரும்புக் கடையில போடு."

அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு மேசை. பழைய நாணயம், தபால் தலை, கைக்கடிகாரம். எங்கள் வீட்டில் அவனைச் சின்னவன் என்போம். வழுக்கை விழுந்த பிறகும் சின்னவன்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், சின்னவன் எனக்கு ஒரு காசு கொடுத்தான். பளபளவென்று துடைத்து, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, மேலே சீட்டு ஒட்டியிருந்தான்: 'அச்சுப் பிழை. அரிது.' விளிம்பு தடியாக எழும்பி உள்பக்கம் சுருண்டிருந்தது. ஓரத்து எழுத்துகளில் பாதியை விளிம்பு விழுங்கியிருந்தது. வழக்கமான காசைவிட அளவில் கொஞ்சம் சின்னது.

"நாணயச்சாலையில அடிக்கும்போதே தப்பாப் போனது அக்கா. லட்சத்துல ஒண்ணு இப்படி வரும். உனக்குன்னு எடுத்து வெச்சேன். நீயும் சேர்க்க ஆரம்பி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்த நாளுக்குக்கூட ஒரு கைக்குட்டை வாங்கித் தராதவன்! அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். கடிகாரக் கடையில் ஒரு லென்ஸ் வாங்கினேன். நூலகத்திலிருந்து படப் புத்தகம் எடுத்து வந்தேன். அந்தப் பெட்டியைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு லாண்டரியில் எல்லோரிடமும் காட்டிப் பீற்றினேன். "விரலை விட்டா எண்ணிடலாம், அவ்வளவுதான் உலகத்துலேயே" என்று எனக்குத் தெரியாததையெல்லாம் சேர்த்து அளந்தேன். விரிப்பு மடிக்கும் மடிப்பக்கா அதைக் கேட்டு, என் தம்பியிடம் போய் அதே மாதிரி மூன்று வாங்கினாள். பேத்தி படிப்புக்கு ஆகுமாம். யாரை நம்பி வாங்கினாள்? என் வாயை நம்பி.

போன புதன்கிழமை டிரையர் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. நிறுத்தி, தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். சந்தில் ஒரு காசு. நெம்பி எடுத்தேன், விரல் சுட்டது. லென்ஸ் வாங்கின பழக்கத்தில் முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். பிசுக்கு போய்ச் சுத்தமாக வந்தது.

தடித்த விளிம்பு. உள்பக்கம் சுருண்டது. பாதி எழுத்து காணோம்.

சின்னவன் கொடுத்த பெட்டியைக் கைப்பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரட்டைப் பிள்ளைகள். மறுபடி உருளைக்குள் தலையை விட்டுச் சந்து முழுவதையும் நோண்டினேன். இன்னும் சில காசுகள் வந்தன. மடிப்பு மேசையில் வரிசையாக வைத்தேன். முதல் காசில் விளிம்பு லேசாக மழுங்கியிருந்தது. அடுத்ததில் கொஞ்சம் எழும்பியிருந்தது. அதற்கடுத்தது சுருளத் தொடங்கியிருந்தது. கடைசியில் வைத்ததும், சின்னவனின் 'அரிது' அந்த வரிசையில் கச்சிதமாகப் பொருந்தியது.

நாணயச்சாலையில் காசுக்கு விழுவது ஓர் அடிதான். தப்பாகப் போனால் அந்த ஒரு நொடியில் தப்பாகப் போகும். கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பாவதற்கு அங்கே நேரம் ஏது? மாதக்கணக்கில் உருட்டி உருட்டிக் கெடுத்தது என் டிரையர். அந்தக் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். என் விரலை எடுத்தே என் கண்ணைக் குத்தியிருக்கிறான்!

மடிப்பக்கா மேசைக்கு அந்தப் பக்கம் நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப என்னோடது மூணும்?"

"நான் பாத்துக்கறேன் அக்கா."

"நீ சொன்னேன்னுதான்டி வாங்கினேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலமே சின்னவன் வீட்டுக்குப் போய் வரிசையை அவன் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். பாவி, பதறக்கூட இல்லை.

"சரி, அதுக்கென்ன இப்ப? திருடினேனா? நீ குடுத்த காசுதானே."

"கொல்லன் தெருவுலயே ஊசி வித்திருக்கியேடா! எனக்கே கொண்டாந்து குடுத்தியே, எதுக்கு?"

"நீ நாலு பேர்கிட்ட காட்டுவேன்னுதான். காட்டினே, வந்தாங்க. அச்சுல ஆன தப்பா இருந்தா என்ன, மிஷின்ல ஆன தப்பா இருந்தா என்ன? தப்பு தப்புதானே. வாங்கறவனுக்கு ஆசை, விக்கறவனுக்கு வயிறு."

"மடிப்பக்கா காசைத் திருப்பிக் குடு."

"வித்தது வித்ததுதான். ரெண்டு மாசமா லென்ஸைப் பிடிச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா! போக்கா, போய்த் தூங்கு."

தூங்கு என்றவன்தான் என் தூக்கத்தைக் கெடுத்தான். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் மனசு கொதித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர், "தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்வாங்க. தம்பியைச் சந்தியில நிறுத்திடாதே" என்றார். "ஆடற சதைதான் அவனைச் சும்மா விடமாட்டேங்குது" என்றேன்.

ஞாயிறு காலையில் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனேன். சின்னவன் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். சமாதானத்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பல்லைக் காட்டினான், டீகூட வாங்கித் தந்தான். கண்ணாடி போட்ட ஒருவர் வந்து, டிரையர் காசுப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்தார். சின்னவன் பழக்க தோஷத்தில் ஆரம்பித்துவிட்டான்.

"நல்ல பீஸ் சார். இதோ, எங்க அக்கா. இவங்களே ஒண்ணு வெச்சிருக்காங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க."

ஓகோ! இதுதான் வாராவாரம் நடந்திருக்கிறது. நான் இல்லாத இடத்தில் நான் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

"கேளுங்க சார்" என்றேன். "நல்லாக் கேளுங்க." பிஸ்கட் டப்பாவைத் திறந்து காசுகளை மேசை மேல் வரிசையாக வைத்தேன். "உங்க கையில இருக்கறதை இந்தக் கடைசியில வெச்சுப் பாருங்க. இது நாணயச்சாலையில பிறந்தது இல்ல. எங்க லாண்டரி மூணாம் நம்பர் டிரையர்ல உருண்டது. நானே நோண்டி எடுத்தது."

அவர் வைத்துப் பார்த்தார். குனிந்தார். பக்கத்து மேசைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். சின்னவன் முகம் சுண்டிப்போனது.

"எந்திரிச்சுப் போக்கா."

"போகமாட்டேன்."

"என் பொழப்புல மண்ணைப் போடறியா?"

"மண்ணை எடுக்கறேன்டா. போட்டது நீ."

"இனிமே நீ எனக்கு அக்காவே இல்ல!"

"ரொம்ப நல்லது. அக்காவா இருக்கப்போய்த்தான் இவ்வளவு மெதுவாச் சொன்னேன். வேத்து ஆளுன்னா இன்னும் சத்தமாச் சொல்லலாம்."

சொன்னேன். சந்தைக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஒவ்வொரு பெட்டியாகச் சுட்டிக் காட்டி, இது டிரையர், இது டிரையர், இது யாரோ சுத்தியால் தட்டியது, தட்டின இடத்தில் எழுத்து நசுங்கியிருக்கிறது பாருங்கள் என்றேன். சுட்டிய கை அவனைத் தூக்கி வளர்த்த கை. ஆனாலும் வாயை மூடவில்லை.

கண்ணாடிக்காரர் போகவில்லை. ஓரத்தில் கிடந்த வேறொரு காசை எடுத்தார். அதில் உருவம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. மறுபக்கம் பிறை மாதிரி வெறுமை.

"இது?"

"இது நெசம் சார், சத்தியமா!" என்றான் சின்னவன். ஒருத்தரும் நம்பவில்லை. அவர் அவனைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். அப்போது சின்னவனும் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் பாத்திரத்தை உடைத்துவிட்டுப் பார்ப்பானே, அதே பார்வை.

பழி வாங்க நினைத்திருந்தால் இல்லை என்று ஒரு தலையாட்டல் போதும், அதுவும் போயிருக்கும். லென்ஸை எடுத்தேன். அவசரப்படவில்லை. வெறும் இடத்தில் அரத்தால் ராவின கீறல் இல்லை, தேய்த்த பளபளப்பு இல்லை. இருக்கிற எழுத்து அத்தனையும் கூர்மை. உருவம் காசு முடிகிற இடம் வரை முழுசாக வந்து, அங்கே சட்டென்று நின்றிருந்தது. வெறும் இடத்தில் யாரும் எதையும் அழிக்கவில்லை, அச்சே அங்கே படவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இது நெசம் சார். அச்சு ஒதுங்கி விழுந்திருக்கு. ஒரே அடி."

அவர் பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டார். போகிற போக்கில் சின்னவனிடம், "இந்தம்மா அடுத்த வாரமும் இருப்பாங்களா?" என்று கேட்டார்.

சின்னவன் டிரையர் காசுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, சீட்டைக் கிழித்து, பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டான். நான் உதவி செய்யவில்லை. பாதி மேசை காலியாகிவிட்டது. அடுத்து ஒரு பெண் வந்தாள். மிச்சம் இருந்ததில் ஒன்றை எடுத்துப் புரட்டி, சந்தேகமாக என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்றாள்.

சின்னவன் தொண்டையைச் செருமினான். "எங்க அக்கா. அவங்க இல்லேன்னு சொன்னா இல்லதாங்க."

உருகிவிடுவேன் என்று நினைத்தான் போல, ஓரக்கண்ணால் பார்த்தான். நான் எழுந்திருக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வலது கையை அவன் முன்னால் நீட்டினேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். மடிப்பக்கா காசை எடு. முதல்ல அது."