தலைவர் வீடு பார்த்த கதை

எங்கள் கடல் காட்சியகத்தில் ஒரு துறவி நண்டு இருக்கிறது, காலிச் சங்கைத் தேடி அதற்குள் குடியிருக்கும் வகை. என் முழங்கை நீளம் வரும். நான் வைத்த பெயர் தலைவர். பெயருக்குத்தான் துறவி, குடியிருக்கும் சங்கு விஷயத்தில் அவரிடம் யாருடைய பருப்பும் வேகாது.

தொட்டியைக் கவனிப்பது நான். அதை அலங்கரிப்பது என் அக்கா. இருவருக்குமே வாய் கொஞ்சம் நீளம்.

தலைவரின் பழைய சங்கு உடைந்து, மெத்தென்ற வயிறு வெளியே தெரிந்தது. பாறையில் உரசி உரசிப் புண்ணாகிக்கொண்டிருந்தது. புதுச் சங்குக்குள் போகாவிட்டால் செத்துவிடுவார். தொட்டியில் அக்கா வைத்த ஐந்து சங்குகள் இருந்தன. நான்கு நாளாக ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

"ரொம்பத்தான் ராங்கி அதுக்கு" என்றாள் அக்கா.

எனக்குச் சந்தேகம் வந்தது. கையை விட்டு ஒரு சங்கை அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

"அக்கா, இதை ஒட்டியா வெச்சிருக்கே?"

"பின்னே? அலையில உருண்டு ஓடிட்டா பாக்க வர்றவங்க எதைப் பாப்பாங்க? அஞ்சையும் பசை போட்டுப் பாறையோட பிடிச்சிருக்கேன்."

"புரட்டிப் பாக்காம அது உள்ள போகாதுக்கா. போனாலும் எப்படி நடக்கும்? பாறையையும் தூக்கிக்கிட்டா?"

அக்காவின் முகம் சுருங்கியது. மூன்று நாள் உழைப்பு அது. நான் அனுமதி கேட்கவில்லை; உளியை எடுத்து, இருப்பதிலேயே பெரிய சங்கைப் பெயர்த்தேன்.

"இதுதான் அவருக்கு. எழுதி வெச்சுக்கோ."

தலைவர் அதைப் புரட்டினார், கொடுக்கை உள்ளே விட்டுத் துழாவினார், நகர்ந்து போனார்.

அக்கா உளியைப் பிடுங்கினாள். சட்டைக்கை நனைய, தோள் வரை கையை விட்டு மீதி நான்கையும் பெயர்த்தாள். கடைசிச் சங்கு, பாசி படிந்து அழகில்லை என்று அவளே சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தது.

தலைவர் அதை மூன்று முறை உருட்டினார். உள்ளே இருந்த மணலை வாரிக் கொட்டினார். பிறகு பழைய சங்கிலிருந்து முழுவதுமாக வெளியே வந்தார். ஆறு வருடமாகச் சோறு போடுகிறேன், அந்த வெற்றுடம்பை நான் பார்த்ததே இல்லை. பயந்துவிட்டேன். அடுத்த நொடி வயிற்றைப் புதுச் சங்குக்குள் செருகி, அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"பாத்தியா! போயிட்டாரு!" என்று கத்தினேன்.

அக்கா ஈரக்கையால் என் கையை இறுகப் பிடித்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"வீடு கேட்டு வந்தவருக்கு நாலு நாளா வீட்டுப் படத்தைக் காட்டிக்கிட்டு இருந்திருக்கேன்டி."