தலைப்பிரட்டையின் முன்னங்கால்

தேர்வுக் குழுவில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். சூட்டியவர் குழுத் தலைவர். அவள் கலந்துகொண்ட முதல் கூட்டத்தில், பிறைநிலாவின் வளைவுக்குள்ளே நட்சத்திரம் மின்னிய ஒரு படப் புத்தகத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "நிலாவோட இருட்டுப் பக்கமும் அங்கதான் இருக்கு சார். அதைத் தாண்டி நட்சத்திரம் தெரியாது" என்று மேஜையைப் பார்த்துச் சொன்னாள்.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு வந்திருக்கீங்களாம்மா?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கூச்சப்படுகிறவர்களுக்குப் பட்டப்பெயர் கிடைப்பது நாற்காலி கிடைத்த மாதிரி. அதற்குப் பிறகு நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை.

வேலை இதுதான். நகரத்தின் கிளை நூலகங்களில் சிறுவர் பகுதிக்கு என்னென்ன புத்தகம் வாங்கலாம் என்று குழு சொல்ல வேண்டும். பதிப்பகங்கள் அச்சுக்குப் போகுமுன் மாதிரிப் பிரதி அனுப்பும். அதன் அட்டைக்குப் பழுப்புத் தாளில் உறை போட்டு, எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் மறைத்து மேஜைக்குக் கொண்டுவருவார்கள். முகதாட்சண்யம் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. முடிவு சொன்ன பிறகுதான் எல்லோர் முன்னாலும் உறையைப் பிரிப்பார்கள். நூலகம் எடுத்துக்கொண்டால்தான் சின்னப் பதிப்பகங்கள் அச்சடிக்கத் துணியும். இல்லாவிட்டால் மாதிரிப் பிரதியோடு அந்தப் புத்தகத்தின் கதை முடிந்தது.

மேஜையில் இரண்டு அடுக்குகள் இருக்கும். கதை அடுக்கு, உண்மை அடுக்கு. கதை அடுக்கில் யானை பறக்கலாம், எறும்பு குடை பிடிக்கலாம், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். உண்மை அடுக்கில் எறும்புக்கு ஒரு கால் குறைந்தாலும் புத்தகம் வெளியே. எது எந்த அடுக்கு என்று பிரித்து வைப்பது அவள் பொறுப்பு. அறிவியல் படித்தவள் என்று அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

அவள் புத்தகம் பார்க்கிற விதமே தனி. முதலில் எழுத்துகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தை பார்ப்பதுபோல் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போவாள். கதை நொண்டாமல் நடந்தால் சந்தோஷம். அப்புறம் உதட்டுக்குள் வாசிப்பாள். தனக்கு மூச்சு முட்டுகிற வாக்கியம், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு படிக்கிற அம்மாவுக்கும் முட்டும். நடு மடிப்பில் யாருடைய முகமாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். கால், கொம்பு, இலை நரம்பெல்லாம் கடைசியில்.

அன்றைக்கு வந்த புத்தகம் ஒரு குளத்தைப் பற்றியது. படங்களை வரையவில்லை. துணித் துண்டுகளை வெட்டித் தைத்து, அதைப் புகைப்படம் எடுத்து அச்சிட்டிருந்தார்கள். தண்ணீர் ஒரு பழைய நீலச் சட்டை. பையைப் பிரித்தெடுத்த இடத்தில் தையல் தடம் அலைபோல ஓடியது. பிரிந்த பச்சை நூல்தான் பாசி. நடுவில், மஞ்சள் பூப்போட்ட துணியில் ஒரு தலைப்பிரட்டை. பக்கத்துக்கு ஒரே ஒரு வரி. 'இன்றைக்கு எனக்கு ஏதோ முளைக்கிறது. யாரும் பார்க்காதீர்கள், கூச்சமாக இருக்கிறது.'

அந்த வரியில் அவள் நின்றாள். சட்டென்று பிடித்துப்போனது. அந்த மஞ்சளை எங்கோ பார்த்த மாதிரியும் இருந்தது. ஒரு புத்தகம் இவ்வளவு சீக்கிரம் பிடித்துப்போனால் அவள் புத்தகத்தை விட்டுவிட்டுத் தன்னைச் சந்தேகப்படுவாள். பிடித்தவர்களிடம்தான் ஏமாறுவோம் என்பது அவள் எண்ணம். அதனால் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கண்ணை இடுக்கினாள்.

தப்பு கிடைத்தது. தலைப்பிரட்டைக்கு முன்னங்கால்கள் முதலில் வந்திருந்தன.

"பின்னங்கால்தான் முதல்ல வெளியே வரும்" என்றாள். "முன்னங்கால் தோலுக்கு அடியிலேயே இருந்துட்டுக் கடைசியிலதான் வரும். இது தப்பு."

"எனக்கே தெரியாதே!" என்றார் குழந்தைகள் டாக்டர். "ஆனா என்கிட்ட இதுவரைக்கும் எந்தத் தவளையும் பிள்ளையைத் தூக்கிட்டு வரல."

ஓய்வுபெற்ற டீச்சர் சிரிக்கவில்லை. அவர் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, முளைக்கிற பக்கத்தையே மறுபடியும் மறுபடியும் புரட்டிக்கொண்டிருந்தார். "தலைப்பிரட்டை பேசுது, வெக்கப்படுது. இது கதைதானே மா? அந்த அடுக்குல வச்சிடு. ஒரு வம்பும் இல்ல."

"பேசினா கதை ஆயிடுமா டீச்சர்? கடைசிப் பக்கத்துல 'குளத்தில் பார்த்தவை'ன்னு போட்டிருக்காங்க. குழந்தை நம்பிடும். பக்கெட்ல தலைப்பிரட்டையைப் பிடிச்சு வச்சுக்கிட்டுப் பாக்கும். அப்போ புத்தகம் பொய்யா, தவளை பொய்யான்னு யாரைப் போய்க் கேக்கும்?"

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அந்த அறை கேட்டதில்லை. அவளுக்கே காது சூடாகிவிட்டது.

"திருத்தச் சொல்லி அனுப்பலாமே" என்றார் தலைவர்.

"போன கூட்டத்துல கால் குறைஞ்ச சிலந்திக்கு அப்படிச் செஞ்சோமா சார்? விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே."

புத்தகம் வெளியே என்று முடிவானது. டீச்சர் புத்தகத்தை மெதுவாக மூடி மேஜையில் வைத்தார். தலைவர் பழுப்பு உறையைப் பிரித்தார். பெயரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"உங்க அப்பா பேரு இல்லையாம்மா இது, இவங்க பேருக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்கிறது?"

அவள் எட்டிப் பார்த்தாள். பிறகு, "எங்க அக்கா சார்" என்றாள்.

தலைவர் எழுந்து நின்றுவிட்டார். "சபாஷ்! பூதக்கண்ணாடின்னு தப்பாப் பேர் வச்சிட்டேன். தராசுன்னு வச்சிருக்கணும்."

"எனக்குத் தெரியாது சார், இது அவளோடதுன்னு."

"தெரிஞ்சிருந்தா மட்டும்? இதையேதான் சொல்லியிருப்பீங்க. எத்தனை குழுவுல உட்கார்ந்திருக்கேன்! மச்சான் புத்தகம், மருமகள் புத்தகம்னு கொண்டுவந்து நீட்டுவாங்க. இன்னைக்குத்தான் ஒரு மனுஷியைப் பார்த்தேன்." டாக்டர் கைதட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தது அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவள் மேஜைக்கு அடியில் செல்போனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அக்கா அனுப்பிய படம் ஒன்று நினைவுக்கு வந்திருந்தது. எப்போதோ, இதே மேஜையில், யாரோ ஒருவருடைய வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பை ஆராய்ந்துகொண்டிருந்தபோது வந்தது. தன் பொண்ணுக்கு ஏதோ தைக்கிறாள் என்று நினைத்து, படத்தைத் திறக்காமல், கீழே எழுதியிருந்ததையும் படிக்காமலேயே கட்டைவிரல் படத்தைப் பதிலாகத் தட்டிவிட்டுக் கொம்புக்குத் திரும்பியிருந்தாள்.

இப்போது திறந்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். நீலச் சட்டை, பச்சை நூல், மஞ்சள் தலைப்பிரட்டை. முன்னங்கால்கள் பளிச்சென்று தெரிந்தன. அதற்குப் பூதக்கண்ணாடியெல்லாம் வேண்டியதில்லை. கீழே அக்கா எழுதியிருந்தாள்: 'கால் சரியா இருக்கா பாரு குட்டி. நீ சரின்னா மேல தைச்சிடுவேன்.' அதற்குக் கீழே அவளுடைய கட்டைவிரல், மஞ்சளாக, கொழுகொழுவென்று நின்றுகொண்டிருந்தது.

"இன்னும் பெட்டியை மூடலையே மா" என்றார் டீச்சர், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பார்த்து முடித்த புத்தகங்களைப் போட்டுவைக்கிற பெட்டியை மூடும்வரை ஒரு புத்தகத்தை அடுக்கு மாற்றிக் கேட்க எந்த உறுப்பினருக்கும் உரிமை இருந்தது. "நீ ஒரு வார்த்தை சொன்னா நான் கதை அடுக்குக்குக் கை தூக்குறேன். டாக்டரும் தூக்குவார்."

ஒரு வார்த்தைதான். தப்பு என்னுடையது, என்னைக் கேட்டுவிட்டுத்தான் தைத்திருக்கிறாள் என்று சொன்னால் போதும். தலைவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம், வாழ்க்கையில் யாரும் அவளுக்காகப் படாதது. சொன்னால் அது எப்படிச் சுருங்கும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. பார்க்காமலேயே சரி என்கிற பூதக்கண்ணாடி!

"வேண்டாம் டீச்சர்" என்றாள். "விதி விதிதான்."

பெட்டியை மூடினார்கள்.

சில நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனாள். வீடு மாடியில். படியேறும்போதே தையல் மெஷின் சத்தம் கேட்கும். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிடிப்பது, இதுதான் அக்காவின் தொழில். வெட்டிப்போட்ட துண்டுகளை எறிய மனசு வராமல் மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைப்பாள். "உங்க அக்கா என்னை வெளியே போடுவா, துணியைப் போட மாட்டா" என்பது மாமாவின் பழைய புகார். இன்று மாமா வேலைக்குப் போயிருந்தார். மெஷின் ஓடவில்லை. அக்கா ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, அந்தக் குளத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். அச்சில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. கையில் தையல் பிரிக்கிற முள்.

"வாடி. செருப்பைக் கழட்டினதும் அப்படியே நிக்காதே, ஊசி கிடக்கும். பாத்து வா." கொஞ்சம் நிறுத்தி, "நீ பாத்துத்தான் வருவே" என்றாள்.

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். "அக்கா..."

"பதிப்பகத்துக்காரர் போன் பண்ணிட்டார். யாரோ ரொம்ப நுட்பமான ஆளாம், ஒரே ஒரு தப்பைப் பிடிச்சு நிறுத்திட்டாங்களாம். நுட்பமான ஆள்னதும் எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

"உன்னோடதுன்னு எனக்குத் தெரியாது. நீ ஏன் சொல்லவே இல்ல?"

"நல்லா இருக்கு! உறவுக்காரங்க புத்தகம் அனுப்பினா மூச்சு விடக் கூடாதுன்னு நீதானே வீட்டுக்கு வந்து பாடம் எடுத்தே? உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு வாயைத் தைச்சுக்கிட்டு இருந்தேன். தைக்கிறது எனக்குக் கைவந்த வேலைதானே."

"திருத்தி அவர்கிட்டயே மறுபடி குடுக்கலாமே."

"அவர் வேற புத்தகம் எடுத்துட்டாராம். கிச்சுகிச்சு மூட்டுற கரடியாம். கதை அடுக்கு. கால் எத்தனை இருந்தாலும் கேள்வி இல்ல."

முள் ஒரு தையலைத் தூக்கி அறுத்தது. மஞ்சள் முன்னங்கால் பாதி கழன்று தொங்கியது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நான் உன்னைக் கேட்டுட்டுத்தான் தைச்சேன்னு அங்க சொன்னியா?"

கீழே தெருவில் யாரோ வண்டியை எடுக்க முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"சொல்லல."

"மறந்துட்டியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அக்கா அவளுக்காக அந்தக் கதவைத் திறந்து வைத்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் அவள் உண்மை அடுக்குக்காரி. "இல்லக்கா. நினைப்பு வந்துச்சு. எல்லாரும் என்னைப் பாராட்டிட்டு இருந்தாங்க."

அக்கா தலையை ஆட்டினாள், தைக்கக் கொடுக்க வந்தவர் அளவு சொல்லும்போது கேட்டுக்கொள்கிற மாதிரி. "ஊரார் புத்தகத்துக்கு விளக்கெண்ணெய் விட்டுப் பாக்குறே. என்னோடதுக்கு ஒரு கட்டைவிரல். சரி, போ." குரல் உயரவில்லை. "இந்த மஞ்சளாவது தெரிஞ்சுதா?"

"எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு."

"உன் கவுன். நீ தலைப்பிரட்டையைப் பக்கெட்ல வச்சுக்கிட்டு, கால் முளைக்கிற வரைக்கும் கழட்ட மாட்டேன்னு அடம்பிடிச்சது. யாராவது வந்தா பக்கெட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சுப்பே. எத்தனை வீடு மாறினோம், இதை மட்டும் நான் யாருக்கும் குடுக்கல."

'யாரும் பார்க்காதீர்கள்' என்ற வரி யாருடையது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

இரண்டாவது கால் கழன்றது. அக்கா இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நீவினாள். "பின்னங்கால் எங்க வரும்? விரல் வச்சுக் காட்டு."

"எதுக்குக்கா இப்போ?"

"தப்பா இருக்குன்னியே. தப்பாவே வீட்ல கிடக்கணுமா? காட்டு."

அவள் முன்னால் நகர்ந்து, உடல் முடிந்து வால் தொடங்குகிற இடத்தில் விரலை வைத்தாள். அக்கா நகத்துக்கு ஒட்டினாற்போல் ஒரு குண்டூசியைக் குத்தினாள். படவில்லை. ஆனாலும் அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

உள்ளறையிலிருந்து வாலு ஓடிவந்தாள். அக்கா மகளுக்கு அதுதான் வீட்டில் பெயர். நின்ற இடத்தில் நிற்காது. கையில் ஒரு தாள். "சித்தி! நான் வரைஞ்சேன்! பாரு! பாரு!"

எட்டுக்காலோ பத்துக்காலோ உள்ள ஏதோ ஒன்று. பக்கத்தில் ஒரு நிலா. நிலாவுக்குள் ஒரு நட்சத்திரம். அவள் தாளை வாங்கி வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். கண் தானாக இடுங்கியது.

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் அக்கா, தலை நிமிராமல். "வீட்டு ஆளுங்களுக்கு எப்பவும் செய்யிறதைச் செஞ்சுட்டுப் போ."

குழந்தை முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

வாலு கூச்சலிட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். அக்கா ஊசியில் மஞ்சள் நூலைக் கோத்து, பல்லால் கடித்து அறுத்தாள்.