தாய்மாமன் மடி

பாலகுரு என் வாசலில் வந்து நின்றபோது நான் தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்திக்கொண்டிருந்தேன். தலத்தெருவில் நான் வாடகைக்கு இருந்த அந்த ஒற்றை அறைக்கு மத்தியானத்தில் கொஞ்ச நேரம்தான் வெயில் எட்டிப் பார்க்கும். அதை விட்டால் முடி காயாது, தலைவலிதான் மிஞ்சும். அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். செருப்பைக் கழற்றினார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். என் தங்கை கமலாம்பாளின் புருஷன். வரிச்சிக்குடியில் சொந்த நிலம் வைத்துச் சாகுபடி செய்கிறவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வாசலை மிதித்தது அன்றுதான். அந்தக் கல்யாணத்துக்கும் எனக்கு அழைப்பு இல்லை.

"வாங்க தம்பி" என்றேன்.

தங்கை புருஷனை அக்காக்காரிதான் தம்பி என்பாள். அண்ணன்காரன் என்றால் மாப்பிள்ளை என்றிருக்க வேண்டும். அது அவருக்கும் புரிந்தது, முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரோ முறை எதுவும் சொல்லாமலே பேசப் பழகிக்கொண்டு வந்திருந்தார். மச்சான் என்றும் இல்லை, அக்கா என்றும் இல்லை.

"பாப்பாவுக்குக் காது குத்துறோங்க. வர்ற ஞாயித்துக்கெழம, எங்க ஊரு மாரியம்மன் கோயில்ல."

"நல்லது. சந்தோசம்."

"மடி வேணுங்க" என்றார்.

குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவது வழக்கம். மாமன் இல்லாத பிள்ளைக்குத் தாய்வீட்டுப் பங்காளி வழியில் யாராவது ஒருவர் உட்காருவார்கள். ஆனால் அந்தப் பேச்சு அதோடு தீராது. பிள்ளை வளர்ந்து பெரிய மனுஷியானாலும், மாலை மாற்றினாலும், அன்றைக்கு உட்கார்ந்தது யார் என்று நாலு பேர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கமலாம்பாளுக்கு எத்தனையோ கோயில் ஏறி இறங்கிப் பிறந்த பிள்ளை. அவளுக்குக் கூடப் பிறந்தது நான் ஒருத்திதான்.

வீட்டில் எனக்கு வைத்த பெயர் தியாகராசன். எங்கள் ஊரான குரும்பகரத்தில் இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் நாலைந்து கிழடுகளுக்குத்தான் தெரியும். அஞ்சுகம் என்றால் அப்போது கோட்டுச்சேரியிலிருந்து திருமலைராயன்பட்டினம் வரைக்கும் தெரியும். மீசை அரும்பும் முன்பே முகைதீன் பிச்சை பாயின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவள் நான். என்னைப் போன்றவர்கள் சிலர் பம்பாய்க்கு ரயிலேறினார்கள். எனக்கு அந்தத் தேவை வரவில்லை. சாயங்காலமானால் புடவை கட்டிக்கொள்ளலாம், அதற்குச் சோறும் கிடைக்கும், கைதட்டலும் கிடைக்கும் என்று ஒரு இடம் இருக்கும்போது நான் ஏன் பம்பாய்க்குப் போகிறேன்? எழுபதுகளில் எங்கள் பக்கத்து நாடகம் என்றால் நாகப்பட்டினத்து ஆட்களும் எல்லை தாண்டி வருவார்கள். அங்கே மதுவிலக்கு, அதனால் பாதிப் பேர் இங்கிருக்கும் சாராயக் கடைக்கு வந்தவர்கள் என்று பாய் கேலி பேசுவார். இருக்கட்டுமே, மிச்சப் பாதி எனக்காக வந்ததுதானே. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் ஒருவரின் மனைவி, அவள் புருஷன் வாங்கித் தந்த சிபான் சேலையை என் தோளில் போட்டு, "இது ஒனக்குத்தான்டி பொருந்தும்" என்றாள். அந்த 'டி'க்காக அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். வெளியில் லுங்கி கட்டிக்கொண்டு நடந்ததெல்லாம் வேஷம், மேடையில்தான் வேஷத்தைக் கலைத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நாடகக்காரி வசனம் பேசுகிறாள் என்பார்கள்.

பிறகு கும்பகோணத்திலிருந்து நிஜமாகவே ஒரு பெண் நடிக்க வந்தாள். நல்ல பெண், நன்றாகவும் பாடினாள். ஜனங்களுக்கு நிஜம் கிடைக்கும்போது நான் எதற்கு? பாய் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வெற்றிலையை மடித்துக் கையில் கொடுத்தார்.

"இங்க பாரு அஞ்சுகம், உன்னைய நான் வெளிய அனுப்ப மாட்டேன். அல்லா பொறுக்க மாட்டான். மீசைய ஒட்டிக்க. ராஜா வேசம் கட்டு. ஒனக்கென்ன, ஒசரம் இருக்கு, கொரல் இருக்கு."

நான் அழுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வெற்றிலையை மென்றேன், துப்பினேன், அந்த வாரமே மீசை ஒட்டிக்கொண்டேன். ஆம்பிளைகளை நான் கொஞ்சமாகவா பார்த்திருக்கிறேன்? எப்படிக் காலை அகட்டி நிற்பார்கள், எப்படித் துண்டை உதறுவார்கள், பதில் தெரியாதபோது எப்படித் தொண்டையைச் செருமுவார்கள் என்று எல்லாம் தெரியும். ராஜாவாக நன்றாகவே பேர் வாங்கினேன். அதிலிருந்து எதுவும் பெரிதாக வலிக்கவும் இல்லை, இனிக்கவும் இல்லை. நாடகம் முடிந்தால் கோந்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைப்பேன், சாப்பிடுவேன், தூங்குவேன்.

"எங்க ஊரு திருவுழாவுல உங்க ராஜா வேசம் பாத்தேங்க" என்றார் பாலகுரு, தரையைப் பார்த்துக்கொண்டே. "ஒருத்தருக்கும் தெரியல. எங்கம்மாவே, இவந்தான்டா ஆம்பளன்னு சொன்னாங்க. அப்பத்தான் நெனச்சேன். அதே மாதிரி வந்தா போதுங்க. வேட்டி, சட்ட, மீச. முடிய மட்டும் கொண்டையா முடிஞ்சு துண்டு கட்டிக்கிட்டா, வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டுதல்னு சொல்லிக்கலாம். சிங்கப்பூர்ல இருந்து இப்பத்தான் திரும்புனாருன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கெட்ட மனிதர் இல்லை. இத்தனை பொய்யையும் வரப்பிலேயே உட்கார்ந்து யோசித்திருப்பார். நான் நானாக நின்று ஆடிய வருஷங்களில் என் வீட்டாளுங்க ஒருத்தரும் பந்தல் பக்கம் வந்ததில்லை. மீசை ஒட்டியதும் மாப்பிள்ளை தேடி வந்துவிட்டார். இதற்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டும் வரவில்லை.

"கமலா என்ன சொல்லிச்சு?"

"அது ஒண்ணும் சொல்லலிங்க. போறேன்னு சொன்னேன். சரின்னுச்சு."

சின்ன வயதில் பொம்மை விளையாடும்போது கமலாம்பாள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் அம்மா அதைக் கேட்டுவிட்டு அவள் வாயிலேயே போட்டாள். அதற்குப் பிறகு அண்ணே. அதற்கும் பிறகு ஒன்றுமே இல்லை. அம்மா செத்ததைக்கூடச் சந்தையில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு வேண்டியது இரண்டுதான்: அவள் குழந்தை ஒரு தடவை என் மடியில் இருக்க வேண்டும், அவள் என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அதற்கு மீசை ஒட்டச் சொன்னால் ஒட்டுகிறேன். வாரத்துக்கு மூன்று நாள் ஊருக்காக ஒட்டுகிற மீசைதானே.

என் ஜிமிக்கியை அழித்துக் குழந்தைக்குச் சின்னதாக ஒரு ஜோடி தோடு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்குத்தியைக் கழற்றி, அந்தத் துளையை மெழுகால் அடைத்து, மேலே அரிதாரத்தைத் தொட்டுத் தேய்த்தேன். பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்து, "பெரியவரே, உள்ள போங்க" என்றார். பெரியவர் உள்ளே போனார்.

கோயில் வாசலில் பந்தல் போட்டு மைக் செட் வைத்திருந்தார்கள். தட்டில் தோடு, கவுன், வாழைப்பழம், வெல்லம் எல்லாம் அடுக்கி நான் கொண்டு வந்த வரிசையைப் பார்த்து நாலு பெண்கள் மெச்சிக்கொண்டார்கள். பாலகுருவின் அம்மா காசியம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்து, "சிங்கப்பூர்ல தண்ணி ஒத்துக்கலையா தம்பி, இப்பிடி ஒல்லியா இருக்கீங்க?" என்று கேட்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேல ஜாஸ்தி" என்றேன். எல்லாம் சரியாகப் போனது. கமலாம்பாள் குழந்தையோடு தூரத்தில் நின்றாள். இளைத்திருந்தாள், முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது. என் மீசையைப் பார்த்தாள், உடனே குழந்தையின் கவுனைச் சரி செய்யக் குனிந்துகொண்டாள்.

காது குத்தும் பத்தர் கோரைப்பாயில் உட்கார்ந்து கம்பியைத் துணியில் துடைத்தார். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கமலாம்பாள் வந்து குழந்தையை என் மடியில் வைத்தாள். வைக்கும்போது அவள் கை என் முழங்கையில் பட்டது. குழந்தை கனத்தாள். பால் வாசனையும் எண்ணெய் வாசனையும் வந்தன. என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினாள். ரொம்ப நாளாக உள்ளே எதுவும் அசையாமல் கிடந்தவள், பொத்தான் போனால் போகட்டும் என்று குனிந்து அவள் உச்சியை முகர்ந்தேன். நான் சந்தோஷமாக இருந்தேன். அதுதான் தப்பு.

பத்தர் இடது காதில் குங்குமத்தால் புள்ளி வைத்தார். "தலைய ஆடாம புடிங்க" என்றார். கம்பி இறங்கியது. குழந்தை வீறிட்டாள். சுற்றி நின்ற பெண்களெல்லாம் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள்.

நானும் போட்டேன்.

நினைத்துச் செய்யவில்லை. எங்கள் அம்மா நடவுக்குப் போன வயலில், அவளுக்குப் பக்கத்தில் நின்று பழகிய குலவை அது. மேடையில் நான் குலவை போட்டால் பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் மைக் இல்லாமலே கேட்கும். பிள்ளை அழுதாள், பெண்கள் போட்டார்கள், என் நாக்கும் போட்டுவிட்டது, அவர்கள் எல்லோரையும் மீறிக்கொண்டு. ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். கடைசியில் மீசை வைத்த ஒரு ஆள் மட்டும் தனியாகக் குலவை போட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

யாரோ ஒருவன் சிரித்தான். காசியம்மா என் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தாள். வேர்வையில் மீசையின் ஒரு நுனி தூக்கிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். அவள் திட்டவில்லை. குழந்தையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். என் பொத்தானைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"செல்லக்கண்ணு, நீ ஒக்காரு" என்றாள்.

எங்கள் சித்தப்பா மகன் செல்லக்கண்ணு, நான் யாரென்று தெரிந்தும் அதுவரை காட்டிக்கொடுக்காதவன், கூட்டத்திலிருந்து வந்து, வேட்டியை மடக்கி, எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். இரண்டாவது காது அவன் மடியில் குத்தப்பட்டது. பத்தருக்கு எந்த மடியும் ஒன்றுதான், வேலையை முடித்தார். இந்தத் தடவை குலவை போடப் பெண்கள் தயங்கினார்கள். நான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. அவமானம்கூட வரவில்லை. வெற்றுமடியில் குழந்தை விட்டுப் போன ஈரம் மட்டும் இருந்தது.

பாலகுரு என் பக்கத்தில் வந்து குனிந்தார். "ஏங்க, நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. அழுதுவிடுவார் போலிருந்தது.

"ஆமா தம்பி" என்றேன்.

முதல் பந்தியில் ஆம்பிளைகள் உட்கார்ந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கால் சரியாகட்டும் என்று நின்றேன். பஸ் எப்போது என்று யாரிடமாவது கேட்கலாமா என்று பார்த்தேன். என் கண் பட்ட ஆளெல்லாம் சாம்பார் வாளிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பந்தி முடிந்து இலைகளை எடுத்தார்கள். அடுத்தது பெண்கள் பந்தி. வரிசையாக வந்து உட்கார்ந்து இலைகளில் தண்ணீர் தெளித்தார்கள். ஒருத்தி மற்றவள் காதில் என்னவோ சொல்வதும், இருவரும் என்னைப் பார்ப்பதும் நடந்தது.

கமலாம்பாள் கடைசியாக வந்தாள். குழந்தை அவள் தோளில் அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், இரண்டு காதிலும் நான் செய்த தோடு. வரிசையின் கோடியில் உட்கார்ந்து ஒரு இலையை விரித்தாள். பிறகு பக்கத்தில் இருந்த இலைக்கட்டிலிருந்து இன்னொரு இலையை உருவி, தனக்கு அந்தப் பக்கம் விரித்தாள். தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் நரம்போடு சேர்த்துத் துடைத்தாள்.

"யாருக்குடி அது?" என்று எதிர் வரிசையிலிருந்து காசியம்மா கேட்டாள்.

கமலாம்பாள் அந்த இலையின் நுனியை நேராக்கி வைத்தாள். பரிமாறுகிறவர் சோற்று வாளியோடு வந்து அந்த இலைக்கு முன்னால் நின்றார். இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போடுங்க" என்றாள் கமலாம்பாள்.

அவர் போட்டார். பின்னாலேயே சாம்பார் வந்தது. வரிசையில் எல்லாரும் சோற்றைப் பிசையாமல் இருந்தார்கள். எனக்கும் அந்த இலைக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. ஒரு காலை எடுத்து வைத்தேன், அது தரையில் பட்டதா என்றே தெரியவில்லை. கமலாம்பாள் அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை, சிரிக்கவும் இல்லை, பார்த்தாள். ஆளில்லாத இலையில் சாம்பார் சோற்றைத் தாண்டி விளிம்புப் பக்கம் ஓடத் தொடங்கியது. அவள் என் மேலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, சோற்றை அணைத்து ஒதுக்கி, அதை வழிய விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.